நான்காவது புட்டியில் லவங்கம்

4 மார்ச் 2025

காலை. ரோஜா: ஒன்றுமில்லை. எலுமிச்சை: ஒன்றுமில்லை. யூகலிப்டஸ்: மூக்குக்குள் ஜில்லென்று ஏதோ ஓடியது, வாசனை இல்லை. லவங்கம்: ஒன்றுமில்லை.

மாலை. அதே.

மார்கழியில், வெண்பா பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போய்விட்டது. போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தானாக வந்துவிடும் என்று இரண்டு மாதம் பார்த்தேன், வரவில்லை. நேற்று காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனோம். நான்கு சின்னப் புட்டிகளில் நான்கு எண்ணெய் கொடுத்தார். தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றையும் இருபது எண்ணும் வரை முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். "மூக்குக்கும் எக்ஸர்சைஸ் உண்டுங்க. நோட்டு போட்டு எழுதுங்க. இல்லன்னா ஒரே வாரத்துல விட்டுடுவீங்க" என்றார்.

நோட்டு எனக்குப் புதிதில்லை. பதினோரு வருடமாக மேல்நிலை வகுப்புப் பெண்களின் வேதியியல் ரெக்கார்டுகளில் சிவப்பு மை போடுகிறவள் நான். 'நோக்கம்' என்ற இடத்தைக் காலியாக விட்டு வருகிற பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேட்பேன். இப்போது என் முறை.

நோக்கம்: என் மகளின் வாசனையை அறிதல்.

அவளுக்கு இன்றோடு ஐம்பத்து நாலு நாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குனிந்து அவள் உச்சந்தலையை முகர்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பெற்றவள் ஒருத்திக்குத்தான் அது என்னவென்று தெரியாது.

9 மார்ச்

நான்கும் ஒன்றுமில்லை.

கஸ்தூரி அக்கா வந்து குளிப்பாட்டினார். என் கணவர் இனியனுக்கு அண்ணி, எனக்கு ஓரகத்தி. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் காலையில் ஸ்கூட்டியில் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டிவிட்டுப் போகிறார். இன்று புகையில் தலையை உலர்த்திவிட்டு மூக்கை வைத்து நீளமாக இழுத்தார்.

"இந்த வாசனைக்காகவே இன்னொன்னு பெத்துக்கலாம் போலக்குதுடி. ஆனா இதெல்லாம் ஆறு மாசந்தான். அப்புறம் நம்மள மாதிரி வேர்வ நாத்தந்தான்."

நானும் சிரித்துத் தலையாட்டினேன். என் மூக்கு விஷயம் இனியனுக்கு மட்டும்தான் தெரியும். அக்காவிடம் சொன்னால் மறுநாளே ஏழு விதக் கஷாயம் வந்துவிடும், கூடவே ஏழு 'ஐயோ பாவம்' வரும். கஷாயத்தைக்கூடக் குடித்துவிடுவேன்.

ஆறு மாதம் என்றால் ஜூலை ஒன்பது.

14 மார்ச்

பகல் தூக்கத்தில் ஒரு கனவு. கனவில் மூக்கு வேலை செய்தது!

பௌர்ணமிக் கூட்டம் கிரிவலம் போகிறது. கூட்டம் என்றால் ஆறு பேர்தான், கைகோர்த்து மலையைச் சுற்றுகிறார்கள். ஆறும் கார்பன். ஒருத்தி இடுப்பில் தண்ணீர்க்குடம். அவள்தான் ஹைட்ராக்சில் உள்ளவள், வளையத்தைப் பீனால் ஆக்குகிறவள். பக்கத்தில் போகிறவள் தோளில் ஒரு துணி மூட்டை. எதிர்ப்பக்கத்துக்காரி மூன்று பிள்ளைகளை வால்போல இழுத்துக்கொண்டு நடக்கிறாள். எனக்குக் கனவிலேயே புரிந்துவிட்டது, இது யூஜெனால். லவங்கத்துக்குள் இருப்பது. பத்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். அவர்கள் என்னைக் கடந்து போனபோது தெரு முழுக்க லவங்கம் மணந்தது. சூடாக, இனிப்பாக, கொஞ்சம் கசப்பாக. நான் பின்னாலேயே ஓடினேன். செருப்பு இல்லை, கால் சுடவும் இல்லை.

எழுந்து புட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனாலும் நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

22 மார்ச்

வந்துவிட்டது! லவங்கம்! அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். நாக்கிலிருந்து மூக்கு வரை ஏறியது. வந்துடுச்சு, வந்துடுச்சு!

24 மார்ச்

வரவில்லையாம். டாக்டரம்மா சொன்னார், "அது காரம்ங்க, வாசனை இல்ல. அதுக்கு வேற நரம்பு. பல்வலிக்கு லவங்கத் தைலம் வெச்சா மரத்துப்போவுதில்ல, அந்தக் கணக்கு." எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பல் டாக்டர்கள் பஞ்சில் தொட்டு வைக்கிற யூஜெனாலைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். ஆசை வந்தால் எம்.எஸ்.சி. கூட உதவாது போல.

10 ஏப்ரல்

இன்று காபியில் ஒரு வாடை. நிஜமாகவே மூக்கில் வந்த வாடை. மூன்று மாதத்தில் முதல் தடவை.

ஆனால் அது காபி இல்லை. டயர் எரிகிற வாடை, அதோடு செத்த எலி. தம்ளரோடு கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

16 ஏப்ரல்

வெங்காயம் வதக்கினால் டயர். பல் தேய்க்கும் பசை டயர். கோழிக்குழம்பு, சோப்பு, மழை விழுந்த மண், எல்லாம் டயர். ரோஜாப் புட்டி டயர். எலுமிச்சைப் புட்டி பாதி டயர்.

போனில் டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். "நல்லதுதாங்க. நரம்பு வளருது. வயர் மாத்தி மாத்திக் கனெக்‌ஷன் ஆவுது, அதான். கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க." கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். ஆறு மாதமும் ஆகலாம், ஜாஸ்தியும் ஆகலாம் என்றார்.

நான்காவது புட்டி மட்டும் நாறவில்லை. அதில் இன்னும் ஒன்றுமே இல்லை.

21 ஏப்ரல்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ரெக்கார்டில் பொய் எழுதக்கூடாது என்று நான்தானே சொல்வேன்.

இன்று காலை சாம்பிராணி காட்டியபின் பாப்பாவை மடியில் வாங்கினேன். பால் கொடுக்கக் குனிந்தேன். அவள் தலையிலிருந்து அந்த வாடை வந்தது.

என் பிள்ளை நாறுது. என் பிள்ளை எனக்கு நாறுது. நான் இவ்ளோ நாள் எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்?

வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

28 ஏப்ரல்

வேடிக்கை என்னவென்றால் அவள் ஆய் போனால் மட்டும் எனக்கு ஒரு வாடையும் தெரிவதில்லை. எல்லோரும் ஓடுகிறார்கள், நான் சும்மா உட்கார்ந்து துடைக்கிறேன். அவளாகச் சிணுங்கினால்தான் எனக்குத் தெரியும், அல்லது யாராவது சொல்ல வேண்டும்.

"இவள மாதிரி ஒரு அம்மாவ பாக்க முடியாது. முகத்த சுளிக்கவே மாட்டா" என்று அக்கா எதிர்வீட்டுப் பூஜாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

5 மே

ஒரு வழி கண்டுபிடித்தேன். லவங்கத் தைலம் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெயில் கலந்து கழுத்திலும் நெஞ்சுக்கு மேலேயும் தடவிக்கொண்டால், மூக்குக்குள் அந்தக் காரம் நிறைந்துவிடுகிறது. வேறு எதுவும் உள்ளே வர முடிவதில்லை. இன்று இரண்டு வேளை பாப்பாவை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து அவள் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு மயிர் மட்டும் தனியாக வளைந்திருக்கிறது. அது எப்போது வந்தது?

6 மே

பகலில் சரியாகக் குடிக்கவில்லை. வெயில்தான் காரணம்.

9 மே

பகலில் வாய் வைப்பதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவதுமாக இருக்கிறாள். ராத்திரியில் மட்டும் அரைத்தூக்கத்தில் எப்படியோ குடித்துவிடுகிறாள். எனக்கும் அப்போது அரைத்தூக்கம்தான், தைலமாவது ஒன்றாவது.

12 மே

சித்ரா பௌர்ணமி. அடி அண்ணாமலையில் அக்கா வீட்டில் இருந்தோம். வாசலில் டீக்கடை, தெரு நிறையக் கால்கள். உள்ளறையில் கதவைச் சாத்தி பாப்பாவுக்கு மூன்று முறை கொடுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் கையால் என் நெஞ்சைத் தள்ளினாள். அந்தக் கையில் எவ்வளவு பலம்!

அக்கா வந்து அவளை வாங்கினார். அவர் தோளில் போட்டதும் அடங்கிவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

14 மே

எடை இருநூறு கிராம் கம்மி. அக்கா மிளகாயும் உப்பும் எடுத்துத் திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்டார். "நெடியே வரல பாத்தியா? அவ்ளோ கண்ணு புள்ள மேல!" என்றார். எனக்குக் கண் எரிந்து இருமலே வந்துவிட்டது. வாசனை தெரியாத மூக்குக்குத் தெரிந்த நெடி அக்காவுக்குத் தெரியவில்லை.

15 மே

இனியனோடு கோயிலுக்குப் போனேன். உண்ணாமுலை அம்மன் சன்னிதி. பிறந்ததிலிருந்து கும்பிடுகிற பெயர்தான். பிள்ளை வாய் வைக்காத தாய். இன்று அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டபோது இனியன்தான் சொன்னார்.

வெளியே வந்ததும், "உனக்கு வேற ஏதாவது கஷ்டமா இருக்கா சிந்து?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

17 மே

மதியம் மறுபடி அதே கூத்து. குடிக்காமல் நீலமாகும் வரை அழுதாள். தூளிச் சேலையை அக்கா துவைத்துப் போட்டிருந்ததால், கட்டிலில் நான் தலைக்கு வைத்துப் படுக்கிற பழைய நூல் சேலையை எடுத்து அவசரமாகக் கட்டினார். பாப்பாவை உள்ளே விட்டார்.

அவள் அந்தத் துணியில் முகத்தைப் புரட்டினாள். இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை. மூக்கை வைத்து அழுத்தினாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு சேலையைச் சப்ப ஆரம்பித்தாள்.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைத் தேடி என் சேலைக்குள் போய்விட்டாள்.

18 மே

செய்முறை. துவைத்த சேலையை முகத்தருகே காட்டினேன்: திரும்பவில்லை. நான் படுத்த சேலை: திரும்பினாள், வாய் திறந்தாள். தைலம் தடவிய என் கழுத்து: முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஒரே முடிவு.

குளியலறைக்குப் போய்ப் பயத்தமாவு போட்டுத் தேய்த்தேன். தோல் சிவக்கும் வரை. வெந்நீர், மறுபடி மாவு, மறுபடி வெந்நீர். பெனாயில் ஊற்றிய தரைபோல ஒரு தாயை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன், பதின்மூன்று நாள். இந்த வயதில் அவளுக்கு நான் என்றால் முதலில் வாசனைதானே. எனக்கு அவள் வாசனை இல்லையென்று அழுதுகொண்டே அவளிடமிருந்து என்னுடையதைப் பிடுங்கிவிட்டேன். கெமிஸ்ட்ரி டீச்சராம்! நாலு மாசக் குழந்தை மேல பீனால் படும்னு தோணல பாரு எனக்கு.

வந்து எடுத்தேன். தலையிலிருந்து அதே டயர், அதே எலி. வாய் வைத்தாள். குடித்தாள். ஒரு பக்கம் முடித்து மறு பக்கமும் குடித்தாள். நான் வாயால் மூச்சு விடவில்லை. மூக்காலேயே விட்டேன், அவ்வளவு நாற்றத்தையும். எனக்கு அது வேண்டும் போல இருந்தது.

கஸ்தூரி அக்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வாரமா உன் மேல பல்லு ஆஸ்பத்திரி வாசன அடிச்சுதே, அது இன்னாடி?" என்றார்.

சொல்லிவிட்டேன். மூக்கு, டயர், தைலம், எல்லாவற்றையும். பாப்பா எனக்கு நாறுகிறாள் என்பதையும்.

அக்கா பாப்பாவின் கால்களை நீவிவிட்டார். நீவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ரெண்டாவது பொறந்தப்போ ஒரு மாசம் அவன தூக்கவே புடிக்கலடி. மூக்கு நல்லாத்தான் இருந்துச்சி. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

பிறகு எழுந்து எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். கஷாயம் இல்லை.

20 மே

டாக்டரம்மாவிடம் திட்டு. லவங்கத் தைலம் குழந்தை பக்கத்திலேயே வரக்கூடாதாம். அவள் தோலில் ஒன்றும் இல்லை, மூச்சு சரியாக இருக்கிறது. புட்டியை இறுக்கி மூடி, மேல் அலமாரியில் வைத்து, பாப்பா இல்லாதபோது அந்த அறைக்குள்ளேயே முகர்ந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வர வேண்டும். சரி.

30 மே

எடை ஏறிவிட்டது. இழந்த இருநூறும், மேலே முந்நூறும்.

இனியனிடம் கேட்டேன், "அவ தலை எப்படித்தாங்க இருக்கும்? சொல்லுங்களேன்."

முகர்ந்தார். யோசித்தார். மறுபடி முகர்ந்தார். "நல்லா இருக்கும்."

"நல்லான்னா?"

"நல்லான்னா... நல்லா."

கலெக்டர் ஆபீசில் ஒரு நாளைக்கு நாற்பது மனுக்களைச் சுருக்கி எழுதுகிற மனிதர்.

19 ஜூன்

நான்கும் அப்படியே. பாப்பா கவிழ்ந்துகொண்டாள்.

9 ஜூலை

ஆறு மாதம்.

அக்கா குளிப்பாட்டிவிட்டு இன்று தலையை முகராமலே என்னிடம் கொடுத்தார். எனக்காகத்தான்.

மாலை இனியன் ஆபீசிலிருந்து வந்து ஒரு தாளை நீட்டினார். இங்கே ஒட்டி வைக்கிறேன்.

"பொருள்: செல்வி வெண்பாவின் தலை வாசனை – விவரம் கோரியது – தொடர்பாக. பார்வை: தங்களின் 30.05.2025 நாளிட்ட வாய்மொழிக் கோரிக்கை. மேற்காண் பொருள் குறித்து, ஆறு மாத காலம் பலமுறை நேரில் ஆய்வு செய்ததில், கீழ்க்கண்ட விவரம் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது. காலையில், சோறு வடிக்கத் தட்டைத் திறக்கும்போது முதலில் வரும் ஆவி போன்றது. மதியம், பால் ஏடும் வெயிலில் காய்ந்த துணியும் சேர்ந்தது. மாலையில் மேற்படி இரண்டும் குறைந்து, பெயர் சொல்ல இயலாத ஒன்று காதுக்குப் பின்னால் மட்டும் உள்ளது. அது தங்களுடைய கழுத்து வாசனையை ஒத்துள்ளது எனக் கண்டறியப்பட்டது. தாமதத்திற்கு வருந்துகிறேன்."

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்ச் சோற்றுத் தட்டைத் திறந்து ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அதுவும் டயர்தான். ஆனாலும் நின்றேன்.

25 ஜூலை

ஆடி வெள்ளி. படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் வெண்பாவுக்கு மொட்டை. அம்மன் பெயர் சொல்லி விட்ட முடி. தண்ணீர் தெளித்ததும் அழ ஆரம்பித்தவள் கத்தி பட்டதும் ஆச்சரியமாக நிறுத்திவிட்டாள். முதல் முடி, அது அத்தனையும் ஒரு வாழையிலையில். நான் அறியாத அந்த வாசனை அந்த முடியில்தானே இருந்திருக்கும். கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கை நீண்டது. நேர்ந்ததை எடுக்கக்கூடாது என்று அக்கா பார்வையிலேயே சொன்னார்.

சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சிரித்தாள். கீழ்வரிசையில் இரண்டு பல் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது.

18 ஆகஸ்ட்

கனவு. ஆய்வகத்தில் நீராவி வடித்தல். குடுவையில் லவங்கம் கொதிக்கிறது. மறுமுனையில் கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கலாகச் சொட்டுகிறது. என் பிள்ளைகள் எல்லோரும் பச்சைத் தாவணியில் சுற்றி நிற்கிறார்கள். "டீச்சர், இதுல இருக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்று ஒருத்தி கேட்கிறாள். பெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறும், பீனால் இருக்கிறது என்று அர்த்தம், என்கிறேன். அவள், "மோந்து பாத்தாப் போதாதா டீச்சர்?" என்கிறாள். ஜன்னல் முழுக்க மலை. மலைமேல் மேகம், அதிலும் லவங்க வாசனை.

2 செப்டம்பர்

காலை. ரோஜா: டயர், கம்மி. எலுமிச்சை: ஒன்றுமில்லை. யூகலிப்டஸ்: குளிர்ச்சி. லவங்கம்:

லவங்கம்.

காரம் இல்லை, புட்டியைத் தூரமாகத்தான் பிடித்திருந்தேன். மெல்லியதாக, பக்கத்து வீட்டில் யாரோ குருமா தாளிப்பது போல. மார்ச் மாதம் ஏமாந்தவள், அதனால் கத்தவில்லை. இனியனைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டச் சொன்னேன். நான்கு புட்டிகளையும் மாற்றி மாற்றி மூக்கின் கீழ் காட்டினார். லவங்கத்தைப் பத்துக்குப் பத்தும் சொன்னேன். பதினோராவது முறை அவர் கள்ளத்தனமாகக் காலி மூடியைக் காட்டினார். அதையும் சொன்னேன்.

14 செப்டம்பர்

அக்கா வீட்டுத் துளசியில் ஒரு இலையைக் கசக்கினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியில், உள்ளே எங்கோ, லவங்கம். யூஜெனால் துளசியிலும் இருக்கிறது. பாடத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவேன். இன்று அந்தச் செடியின் முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த ஒருத்தியை வேறு ஊரில் பார்த்ததுபோல இருந்தது.

"செடிய மொட்ட அடிச்சிடாதடி" என்றார் அக்கா.

3 அக்டோபர்

காபி குடித்தேன். அரைத் தம்ளர்.

20 அக்டோபர்

தீபாவளி. பட்டாசு வாசனை சரியாக வந்தது. எண்ணெய்ச் சட்டி வாசனை பாதி.

பாப்பாவிடம் டயர் வாடை போய்விட்டது. இரண்டு வாரமாகவே இல்லை. ஆனால் அந்த இடத்தில் எதுவும் வரவில்லை. உச்சந்தலை, கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் முகர்ந்து பார்த்தேன். அவள் கூச்சத்தில் சிரிக்கிறாள். கண்ணாடியை முகர்வதுபோல இருக்கிறது. நாறிய காலத்திலாவது ஏதோ ஒன்று இருந்தது என்று தோன்றுகிறது, பைத்தியக்காரத்தனம்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திரும்ப வேண்டும்.

15 நவம்பர்

மழை. மூன்று நாளாகத் துணி காயவில்லை, வீடு முழுக்கக் கொடி. அக்கா கூடத்தில் பாப்பாவைத் தவழவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இனியன் சனிக்கிழமை தூக்கத்தில். நான் அடுப்பங்கரையில் தோசைக்குக் கல்லைப் போட்டிருந்தேன்.

திடீரென்று ஒரு நாற்றம். முதலில் சாக்கடை என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். போகவில்லை. கூடத்துப் பக்கம் போகப் போக ஜாஸ்தியானது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, இன்னாக்கா இது, வீடே நாறுது!" என்றேன்.

அக்கா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பாப்பா நடுக்கூடத்தில் முகம் சிவக்க முக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிந்து," என்றார் அக்கா, "முகத்த சுளிக்கிற."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு ஓடிப்போய் அவளை அப்படியே தூக்கிக்கொண்டேன். அக்கா, "துணி, துணி! சேலையெல்லாம் ஆவுது பாரு!" என்று கத்திக்கொண்டே அவரும் அழுதார். சத்தம் கேட்டு எழுந்து வந்த இனியன் இரண்டு பெண்கள் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய், பக்கத்தில் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "ஆமாங்க! நாறுதுங்க! எனக்கும் நாறுதுங்க!" என்றேன். தோசைக்கல் காய்ந்து புகைந்தது. அந்தப் புகையும் வந்தது.

கழுவி, துடைத்து, துணி மாற்றியபின் அவள் தலையில் மூக்கை வைத்தேன். பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

இனியன் எழுதித் தந்தது எதுவும் இல்லை. சோற்று ஆவி இல்லை, பால் ஏடு இல்லை. அது போய்விட்டது, அதை இனி நான் அறியப்போவதில்லை. இருந்தது தேங்காய் எண்ணெய், கொஞ்சம் வேர்வை, காலையில் தின்ற பிஸ்கட், அப்புறம் காயாத துணியின் ஈரவாடை. பத்து மாதப் பெண்ணின் தலை. அதற்காக அழுதேனா, இதற்காக அழுதேனா, தெரியவில்லை. நன்றாக அழுதேன்.

காதுக்குப் பின்னாலும் பார்த்தேன். அங்கே என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

16 நவம்பர்

புட்டிகளைத் திறக்கவில்லை. மறந்துவிட்டேன்.

17 நவம்பர்

பாப்பா இன்று மூன்று முறை. மூன்றையும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்.